முன்னே இரண்டு, பின்னே இரண்டு

எவாஞ்சலினுக்கும் மெல்வினுக்கும் கல்யாணம் பேசியபோது இரண்டு வீட்டிலும் கொஞ்சம் இழுபறி இருந்தது. பெண் வீட்டார் சி.எஸ்.ஐ., மாப்பிள்ளை வீட்டார் கத்தோலிக்கர். எந்த ஆலயத்தில் தாலி கட்டுவது, பிறக்கிற பிள்ளைக்கு எங்கே ஞானஸ்நானம் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் மாப்பிள்ளையின் அண்ணன் அற்புதராஜ் மேசையைத் தட்டி ஒரு சட்டம் போட்டார். எதுவானாலும் பாதிப் பாதி. ஒரு ஞாயிறு மாதா கோயில், மறு ஞாயிறு சி.எஸ்.ஐ. ஆலயம். இதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இல்லை. சாப்பாட்டுக்கு எழுந்தார்கள்.

அந்தச் சட்டம் கல்யாணத்தோடு நிற்கவில்லை, ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் அவர்கள் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹாலுக்கு அவன் சொன்ன பெயின்ட், படுக்கையறைக்கு அவள் சொன்ன பெயின்ட். மகள் பிறந்ததும் அவன் வீட்டார் டெல்சி என்றார்கள், அவள் வீட்டார் பிரியா என்றார்கள், குழந்தை டெல்சி பிரியா ஆனாள். பிரியாணி வாங்கினால்கூட பாதி மட்டன், பாதி சிக்கன். சண்டையே வராத வீடு என்று தெருவில் பேர். சண்டை வராததற்கும் ஒத்துப்போவதற்கும் வித்தியாசம் உண்டு என்று அப்போது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கார் டயர் வாங்கப் போன நாள் வரை அந்தச் சட்டத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

கார் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னக் கார்தான். ஆனால் அதில் கொஞ்சம் துடிப்பான ரகம். அகலமான டயர், இறுக்கமான சஸ்பென்ஷன், வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும். ஓட்டுவது பெரும்பாலும் எவாஞ்சலின்தான். மெல்வினுக்கு சிப்காட்டில் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட். கம்பெனி பஸ் வீட்டு முனைக்கே வரும். அவளுக்கு வேலை கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், மாம்பழக் கூழ் ஃபேக்டரியின் லேபில். தினமும் ஹைவேயில் போய், ஹைவேயில் திரும்ப வேண்டும். சூளகிரி தாண்டியதும் மலைகளுக்கு நடுவே ரோடு நெளிகிற இடம் வரும். அந்த இடத்தை அவள் ரசித்து ஓட்டுவாள். இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்பதால் சொன்னதில்லை.

அந்த வருஷக் கோடையில் நாலு டயரும் மொட்டையாகிவிட்டன. மாம்பழ சீசன் தொடங்கினால் ஒரு நாள்கூட லீவு எடுக்க முடியாது, சீசனோடு மழையும் வரும். ஆகவே ஒரு சாயங்காலம் இருவரும் பாகலூர் ரோட்டில் திம்மராயனின் டயர் கடைக்குப் போனார்கள். திம்மராயன் வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் கன்னடத்தில் கூப்பிடுவார், வியாபாரத்தைத் தமிழில் முடிப்பார். நல்ல மனுஷன்தான், ஆனால் வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்புவது மட்டும் அவருக்குப் பிடிக்காது.

அவர் இரண்டு டயர்களை உருட்டி வந்து முன்னால் நிறுத்தினார்.

"மேடம், இது பாருங்க. ரப்பர் மெத்துனு இருக்கும். மழையில ரோட்ட அப்படியே கவ்விக்கும். ஆனா சீக்கிரம் தேஞ்சிடும், நெஜத்த சொல்லிடறன். சார், இது பாருங்க. இது கல்லு. நீங்க காரையே வித்துட்டு போனாலும் டயர் அப்படியே இருக்கும்."

மெல்வினின் முகம் மலர்ந்தது. நீடித்து உழைக்கும் என்ற சொல்லைக் கேட்டால் பர்ச்சேஸ் ஆட்களுக்கு மல்லிகைப்பூ வாசனை அடித்த மாதிரி இருக்கும்.

"இதையே போட்டுடலாம் ஈவா. நீ ஓட்டற ஓட்டத்துக்கு அது ஒரு வருஷம் கூட தாங்காது" என்றான்.

"மழையில ஓட்டறது நான்தாங்க. எனக்கு பிடிமானம் வேணும்."

"வருஷா வருஷம் டயர் மாத்திட்டே இருப்பமா?"

"வருஷா வருஷம் மழை பெய்யுதே?"

இரண்டு பேரும் சொன்னது சரிதான். வந்த வினையே அதுதான். யாராவது ஒருவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கொஞ்ச நேரம் இருவரும் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மெல்வினுக்கு முகம் தெளிந்தது.

"பாதிப் பாதி" என்றான். "முன்னாடி ரெண்டும் உன்னோடது, பின்னாடி ரெண்டும் என்னோடது."

எவாஞ்சலினுக்கும் அது பிடித்துப்போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இழுப்பது முன் சக்கரம், திருப்புவது முன் சக்கரம். பின் சக்கரம் சும்மா கூடவே உருண்டு வருவதுதானே, அது கல்லாக இருந்தால் என்ன? இப்படித்தான் அவள் மனசில் கணக்குப் போட்டாள். திம்மராயன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொதுவா நாலும் ஒண்ணாத்தான்..." என்று ஏதோ தொடங்கினார். அப்போது பார்த்து காற்றடிக்கும் கம்ப்ரஸர் இரைச்சலோடு ஓட ஆரம்பித்தது. அது நின்றதும் அவர் தொடங்கியதைத் தொடரவில்லை. "ஆகட்டும் சார், போட்டுடலாம்" என்றார். இரண்டு ரகத்திலும் ஒரு ஜோடி விற்றாயிற்று.

மழை வரும்வரை அந்தக் கார் ஓடிய அழகே தனி. ஸ்டீயரிங்கைத் தொட்டால் மூக்கு திரும்பியது. "பாத்தியா, ரெண்டு பேருக்கும் கெடச்சுடுச்சு" என்று மெல்வின் சொல்லிக்கொண்டான். அவளும் ஆமாம் என்றாள்.

ஜூன் மாதம் ஒரு பிற்பகல் வேலை முடிந்து திரும்பும்போது சூளகிரிக்கு முன்னால் நல்ல மழை பிடித்துக்கொண்டது. அவள் வேகமாகப் போகவில்லை. அந்த வளைவில் எப்போதும் போகிற வேகத்தைவிடக் குறைத்துத்தான் போனாள். வளைவின் நடுவே முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு எரிந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். அவ்வளவுதான், காரின் பின்பக்கம் அவளைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. முதுகுக்குப் பின்னால் யாரோ காரைப் பிடித்துத் தள்ளிய மாதிரி இருந்தது. கார் குறுக்கே திரும்புவது தெரிந்தது, பக்கத்து லேனில் ஒரு டேங்கர் வருவதும் தெரிந்தது. கை என்ன செய்தது என்று அவளுக்கு நினைவில்லை. கார் ஒரு பக்கம் வீசி, மறுபக்கம் வீசி, ரோட்டோரச் சேற்றில் இறங்கி நின்றது. இடதுபக்க விளக்கு கல்லில் மோதி உடைந்தது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

டேங்கர் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார். "ஹைவேல எதுக்கும்மா ஓட்டறீங்க, வீட்ல ஆம்பளைங்க இல்லியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்தாள்.

வீட்டில் மெல்வின் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம் என்று அவள் பிறகு நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக் கொடுத்து, "வளைவுல கால எடுத்தியா?" என்று கேட்டான்.

"எடுத்தேன்."

"அதான். வளைவுல கால எடுக்கக் கூடாது ஈவா" என்றான், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவனைப் போல.

மறுநாள் விஷயம் அடுத்த தெருவிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போனது, அங்கிருந்து மாதா கோயில் வாசலுக்குப் போனது, வாசலிலிருந்து ஊருக்கே போனது. எல்லோரும் அவளிடம் மிகவும் அன்பாகப் பேசினார்கள். ஆண்டவர் காப்பாத்தினார், இனி ரிஸ்க் எடுக்காதே, வளைவில் காலை எடுக்கலாமா? காரை ஓட்டவே தெரியாத அண்ணி அருள்செல்விகூட, "வளைவுல கால எடுத்துட்டியாமே" என்றாள். எவாஞ்சலினுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவர்கள் சொல்வது உண்மைதான் என்று அவளே நம்பியதுதான் அதிகம் வலித்தது. இத்தனை வருஷம் தனக்கு நன்றாக ஓட்ட வரும் என்று நினைத்தது வெறும் கர்வமா? மெல்வின் விளக்கை மாற்றி, காரைக் கழுவி நிறுத்தினான். அவள் சாவியைத் தொடவில்லை.

பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். மத்திகிரியில் டவுன் பஸ், ஓசூரில் கிருஷ்ணகிரி பஸ், குருபரப்பள்ளியில் இறங்கி, உள்ளே போக ஷேர் ஆட்டோ. எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் ஃபேக்டரியில் முதல் லோடு இறங்கி முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடிந்தது. அந்த சீசனுக்கு லேப் இன்சார்ஜ் அவள்தான் என்று ஏப்ரலிலேயே முடிவாகியிருந்தது. இன்சார்ஜ் என்றால் விடிந்ததும் முதல் லாரி எடைமேடையில் ஏறும்போது அங்கே நிற்க வேண்டும். பழத்தை அறுத்துப் பார்த்து இறக்கு, திருப்பு என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவள் இத்தனை வருஷம் பைப்பெட்டைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

மேனேஜர் கோவிந்தப்பன் நல்ல முறையில்தான் பேசினார். "உங்க கஷ்டம் எனக்கு புரியுதும்மா. ஆனா லாரி காத்திருக்காது. திங்கக்கெழம ஆறு மணிக்கு நீங்க கேட்ல இருக்க முடியுமா முடியாதா, ஞாயித்துக்கெழமக்குள்ள சொல்லிடுங்க. முடியாதுன்னா உங்க லேப் சுவாதிய போட்டுடறன். அப்புறம் இந்த சீசன் அவங்களுக்குத்தான்."

அற்புதராஜ் ஒரு படி மேலே போனார். ஓசூரிலேயே தெரிந்த கம்பெனியில் கேன்டீன் சூப்பர்வைசர் வேலை பார்த்து வைத்துவிட்டார். "சம்பளம் ஒண்ணும் மோசமில்லமா. பக்கத்துலயே. நடந்தே போலாம்." அவர் கெட்டவர் இல்லை. தம்பி பெண்டாட்டி ரோட்டில் சாகக் கூடாது என்று நினைத்தார், அதற்கு மேல் அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை. இட்லி எண்ணும் வேலைக்கும் லேபுக்கும் நடுவே என்ன தூரம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எவாஞ்சலின், "யோசிச்சு சொல்றன் மாமா" என்றாள்.

அந்த ஞாயிறு சூளகிரி பக்கம் மெல்வினின் ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டில் கிரகப்பிரவேசம். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வந்தால் போதும் என்று அவரே சொல்லியிருந்தார். மாதா கோயிலில் திருப்பலி முடித்து, டெல்சி பிரியாவை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மெல்வின் ஓட்டினான். அவள் இடதுபக்கம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஹைவேயிலிருந்து சர்வீஸ் ரோட்டில் இறங்கித் திரும்பும்போது காரின் பின்பக்கம் லேசாக ஒரு வெட்டு வெட்டியது. மெல்வின் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

"ரோட்ல ஆயில் கொட்டிருக்கு போல" என்றான்.

எவாஞ்சலின் திரும்பி அவனைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக ரோட்டையும் பார்த்தாள். ரோட்டில் தண்ணீர்தான் இருந்தது. நான் ஓட்டினால் கால் தப்பு, இவர் ஓட்டினால் ரோடு தப்பா?

லேபில் ஒரு வழக்கம் உண்டு. கூழ் சாம்பிள் சரியில்லை என்று ரிசல்ட் வந்தால் உடனே கூழைக் கொட்டிவிட மாட்டார்கள். அதே சாம்பிளை வேறொரு ஆள் கையில் கொடுப்பார்கள். ஆள் மாறியும் அதே ரிசல்ட் வந்தால் தப்பு கூழில். ரிசல்ட் மாறினால் தப்பு முதலில் பார்த்த ஆளிடம். இத்தனை வருஷமாக தினம் செய்கிற காரியம் தன் விஷயத்தில் மட்டும் எப்படித் தோன்றாமல் போனது என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அழுதுகொண்டிருந்தால் எதுவும் தோன்றாது.

"வண்டிய அந்த எஸ்டேட்டுக்குள்ள விடுங்க" என்றாள்.

"எதுக்கு? சாப்பாடு போட்ருவாங்க."

"விடுங்க சொல்றன்."

புதிதாக வருகிற தொழிற்பேட்டை அது. ரோடு போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, வளைவுகளில் வெள்ளைக்கோடு வரைந்து வைத்திருந்தார்கள். கம்பெனிகள்தான் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆள் நடமாட்டமே கிடையாது, தூரத்தில் இரண்டு எருமைகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. தூறல் வலுத்து ரோடெல்லாம் தண்ணீர் நின்றது. எவாஞ்சலின் ஒரு அகலமான வளைவைக் காட்டினாள்.

"அன்னிக்கு நான் வந்த வேகம் ஸ்பீடாமீட்டர்ல எவ்வளவுன்னு சொல்றன். அதே வேகத்துல போங்க. வளைவு நடுவுல கால எடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"ஈவா, எனக்கு எதுக்கு டெஸ்ட்டு? நான் லைசென்ஸ் வாங்கி எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா?"

"அதான், உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே. போங்க."

மெல்வின் சிரித்துக்கொண்டே கிளம்பினான். ஒரு கையால்தான் ஓட்டினான். வளைவு வந்தது. காலை எடுத்தான். காரின் பின்பக்கம் வீச, அவன் சட்டென்று பிரேக்கை மிதித்து, ஸ்டீயரிங்கைத் தாறுமாறாக ஒடித்து, "மாதாவே" என்றான். எருமை, விளக்குக் கம்பம், மலை, மறுபடி எருமை என்று எல்லாம் கண்ணாடியில் ஓடின. நின்றபோது கார் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. எஞ்சின் அணைந்துவிட்டது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

எவாஞ்சலினுக்குப் பயத்தோடு, வெட்கமில்லாத ஒரு சந்தோஷமும் வந்தது.

"இறங்குங்க" என்றாள். "இப்ப நான்."

"வேணாம் ஈவா."

"இறங்குங்க."

அன்றைக்குப் பிறகு முதல்முறையாக ஸ்டீயரிங்கைத் தொட்டாள். அதே வேகம், அதே வளைவு. காலை எடுத்தாள். பின்பக்கம் கிளம்பியது, அன்றைக்குப் போலவே. கை அது பாட்டுக்குக் கார் வீசுகிற பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பியது, பிறகு நிதானமாக நேராக்கியது. கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. கார் ஒருமுறை தலையாட்டிவிட்டு, கோட்டுக்குள்ளேயே போய் நின்றது. அன்றைக்கு நினைவில் இல்லாமல் போனதை இப்போது அவள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டாள்.

மெல்வின் ஸ்டீயரிங்கின் மேல் இருந்த அவள் கைகளைப் பார்த்தான்.

"அன்னிக்கு பக்கத்துல டேங்கர் வந்துச்சுன்னு சொன்ன இல்ல?"

"ஆமா."

"அன்னிக்கு நான் ஓட்டிட்டு வந்திருந்தா..." என்றவன் முடிக்கவில்லை. அவளும் முடிக்கச் சொல்லவில்லை.

கிரகப்பிரவேசச் சாப்பாட்டை விட்டுவிட்டு நேரே திம்மராயன் கடைக்கு வந்தார்கள். ஞாயிறு என்றால் திம்மராயனுக்குக் கூட்டம். வெளியூர் போகிறவர்கள் காற்றுப் பிடிக்க வருவார்கள். இருந்தாலும் எவாஞ்சலினின் முகத்தைப் பார்த்ததும் கூட்டத்தை விட்டு எழுந்து வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் குனிந்து முன் டயரையும் பின் டயரையும் விரலால் அமுக்கிப் பார்த்தார், ஏதோ அவருக்கே தெரியாத விஷயம் மாதிரி.

"ஆமா மேடம். முன்னாடி கவ்விக்கும், பின்னாடி கவ்வாது. மழையில வால் சுத்தத்தான் செய்யும். நான் அன்னிக்கே மனசுல நெனச்சன்."

"மனசுல நெனச்சா போதுமாண்ணா? வாயத் தெறந்து சொல்ல வேணாமா?"

"சொன்னன் மேடம். கம்ப்ரஸர் சத்தத்துல உங்களுக்கு கேக்கல."

"கம்ப்ரஸர் நின்னப்பறம்?"

திம்மராயன் தலையைச் சொறிந்தார். "கஸ்டமர் புருஷன் பொண்டாட்டி ஒத்துமையா ஒரு முடிவுக்கு வராங்க, நடுவுல நான் எதுக்குன்னு விட்டுட்டன்" என்றார். அதில் உண்மையும் கொஞ்சம் இருந்தது.

மெல்வின் இப்போது ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்துவிட்டான். "அந்த மெத்து டயரையே நாலும் போட்டுடுங்க. எவ்வளவு சீக்கிரம் தேஞ்சாலும் பரவால்ல" என்றான். பாவம், பிராயச்சித்தம் செய்கிற அவசரம்.

"வேணாம்" என்றாள் எவாஞ்சலின். "நான் ஓட்டற ஓட்டத்துக்கு அது அடுத்த சீசனுக்குள்ள மொட்டையாயிடும். மொட்டை டயர்ல மழைக்கு போனா இதே கததான். பிடிமானம் முதல் நாளுக்கு மட்டும் இருந்தா எனக்கு பத்தாது, கடேசி வரைக்கும் வேணும். மழையில நிக்கணும், ரெண்டு மூணு சீசன் உழைக்கணும், நாலும் ஒண்ணா இருக்கணும். அப்படி ஒண்ணு இருக்கா இல்லியா?"

"இருக்கு மேடம்" என்றார் திம்மராயன்.

"அத ஏண்ணா அன்னிக்கு காட்டல?"

"நீங்க பிடிமானம் கேட்டீங்க, சார் உழைப்பு கேட்டாரு. ரெண்டும் சேந்தது வேணும்னு யாரும் கேக்கலியே?"

கேட்கத்தான் இல்லை. இத்தனை வருஷமும் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கியதோடு சரி. இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒன்றை அந்த வீட்டில் யாரும் கேட்டதே இல்லை.

திம்மராயன் குடோனிலிருந்து நாலு டயர்களை உருட்டி வந்தார். வேக ஓட்டத்துக்கென்றே செய்த ரகம்தான், ஆனால் ரப்பர் அவ்வளவு மெத்தென்று இல்லை. தண்ணீரை வெளியே தள்ள நடுவில் ஆழமான பள்ளங்கள் இருந்தன. வளைவில் தாங்குவதற்கு வெளி ஓரத்தில் ரோட்டில் பதியும் ரப்பர் பட்டன்கள் அகலமாக இருந்தன. எவாஞ்சலின் ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். பக்கவாட்டில் பொறித்திருந்த தயாரிப்பு வாரத்தைப் படித்தாள். மூன்று ஒரே வாரம். நாலாவது முந்தின வருஷத்துச் சரக்கு. அதை மாற்றிக் கொண்டுவரச் சொன்னாள். திம்மராயன் முனகிக்கொண்டே மாற்றினார். மெல்வின் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றான். கழற்றுகிற இரண்டு ஜோடிகளையும் திம்மராயனே எடுத்துக்கொள்வதாக மட்டும் பேசி முடித்தான். பேரம் பேசாமல் இருக்க அவனால் அவ்வளவுதான் முடியும்.

கார் ஜாக்கியில் ஏறியிருந்தபோது மெல்வினின் போன் அடித்தது. அண்ணன். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், அந்த கேன்டீன் வேலைக்கு நாளைக்கு காலையில கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. எவாஞ்சலின் என்ன சொல்றா?"

மெல்வின் அவளைப் பார்த்தான். இந்த ஒன்றை அவன்தான் சொல்ல வேண்டும், அவள் சொன்னால் சாக்கு என்பார்கள்.

"இல்லண்ணா... டயர்லயும் கொஞ்சம் பிரச்சன இருந்துச்சாம். இப்ப மாத்திட்டிருக்கோம். அவளும் அன்னிக்கு கால எடுத்துட்டா, டயரும் அப்படி இருந்துச்சு. ரெண்டும் சேந்து..."

எவாஞ்சலின் போனை நெருங்கி வந்தாள். இதிலும் பாதியா? தப்பைக்கூட இரண்டாக அறுத்து ஒரு துண்டை என் தட்டில் வைக்கிறாரே!

"முழுசா சொல்லுங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் திம்மராயன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

மெல்வின் ஒரு கணம் போனைப் பார்த்தான்.

"அண்ணா, அவ தப்பு ஒண்ணும் இல்ல. பின்னாடி கல்லு டயர் போடச் சொன்னது நான். பாதிப் பாதின்னு நான்தான் சொன்னன். இன்னிக்கு அதே மாதிரி மழையில, அதே வேகத்துல நான் ஓட்டிப் பாத்தன். முழு சுத்து சுத்தி திரும்பி நின்னுட்டன். ஆளில்லாத ரோடா இருந்ததால இப்ப உங்ககிட்ட பேசறன். அப்பறம் அவ ஓட்டினா. கோட்ட விட்டு வெளிய போகலண்ணா. அன்னிக்கு டேங்கர்ல அடிபடாம வந்தது ஆண்டவர் கிருபையோட அவ கையும்தான். இத நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. நானும் சொல்றன்."

அந்தப் பக்கம் பின்னால் அருள்செல்வி, "என்னவாம்?" என்று கேட்பது மட்டும் கேட்டது. அற்புதராஜ் எதையும் பாதுகாப்பு என்ற ஒரே கோணத்தில் பார்க்கிற மனிதர். யோசித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அப்போ நீ இனிமே வண்டிய தொடாத. அவளயே ஓட்டச் சொல்லு."

எவாஞ்சலினுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததில் திம்மராயன் பயந்துபோய் ஒரு ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை. கடை வாசலுக்கு வந்து கோவிந்தப்பனுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கும் மழைன்னு சொல்றாங்களேம்மா" என்றார் அவர். "ஆறு மணிக்கு கேட்ல இருப்பீங்களா?"

"இருப்பேன் சார்."

"வேற யாரையாவது கூட்டிட்டு வரீங்களா?"

"இல்ல சார். நானே ஓட்டிட்டு வர்றேன்."

நாலு சக்கரமும் மாட்டி, பேலன்ஸ் பார்த்து, அலைன்மென்ட் முடித்துக் காரை இறக்கினார்கள். மெல்வின் சாவியை வாங்கிக்கொண்டு வழக்கம்போல வலதுபக்கக் கதவைத் திறந்தான். திறந்த பிறகு நினைவு வந்து, சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்தபடி காரைச் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் போய் ஏறினான். எவாஞ்சலின் அவன் கால் நீளத்துக்காகப் பின்தள்ளி வைத்திருந்த சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிவிட்டு, காரை எடுத்தாள்.